நிற்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்

சிசிலியில், பலெர்மோவை ஒட்டிய ஸ்ஃபெர்ராகவால்லோ மீன்பிடித்துறைக்குப் பின்னால் மலையேறுகிற மண்பாதையில், மூன்றாவது வளைவு வந்ததும் ஜீப் நின்றுவிடும். எந்த ஜீப்பாக இருந்தாலும், அண்ணை விற்பதற்காகக் கொண்டுபோனதாக இருந்தால், அந்த இடத்தில்தான் நிற்கும். வாங்க வந்தவர் சாவியைத் திருப்புவார். இயந்திரம் ஒருமுறை இருமும், பிறகு அதுவும் இல்லை. பக்கத்து இருக்கையில் அண்ணை கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கீழே தெரிகிற கடலைப் பார்த்தபடி இருப்பார்.

அவர் விற்றவை எல்லாம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த பழைய ஜீப்புகள். மலையும் சேறும் ஏறுகிறவை, ஒவ்வொன்றும் என் மகளைவிட வயது கூடியவை. பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வரும், சில இங்கிலாந்திலிருந்து. அந்த இரண்டு நாட்டிலும் எங்கள் இலங்கையைப்போல ஸ்டியரிங் வலப்பக்கம். ஆகவே வாங்க வந்தவர் வலப்பக்கம் இருந்து ஓட்ட, இவர் இடப்பக்கம் ஏறிக்கொள்வார். அந்த இடப்பக்க இருக்கைக்குக் கீழே, பெற்றோல் வருகிற குழாயில், சின்னதாக ஒரு பித்தளைத் திருகி பொருத்துவித்திருந்தார். மலையடிவாரத்தில் செருப்பைச் சரிசெய்கிறவர்போலக் குனிந்து அதை மூடிவிடுவார். உள்ளே மிச்சமிருக்கிற பெற்றோல் மூன்றாவது வளைவுவரைக்கும்தான் போதும்.

"ஓடுற வண்டியை ஆரும் வாங்குவினம், மாஸ்ரர்," என்று என்னிடம் சொன்னார். "நிண்டா என்ன செய்யினம் எண்டுதான் நான் பாக்கிறது."

யாழ்ப்பாணத்தில் கொஞ்சக் காலம் கணக்குப் படிப்பித்தவன் என்பதால் நான் அவருக்கு மாஸ்ரர். பலெர்மோவில் நான் ஒரு மாடிக்கட்டடத்தின் வாசல் காவலாளி. அவர் எனக்கு அண்ணை. மன்னார்ப்பக்கத்துக் கத்தோலிக்கர். குள்ளமான ஆள், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, மாரியிலும் செருப்பு. கையில் எப்போதும் அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். பல வருடம் ஒரு கடலுணவுக் கடையின் குசினியில் கணவாய் கழுவியவர். ஜப்பானில் இருந்த மைத்துனர் ஒருவர் பழைய வாகனங்களின் படங்களை அனுப்பத் தொடங்கியபோதுதான் இந்த வியாபாரம் தொடங்கியது.

வாகனம் திருத்த அவருக்குத் தெரியாது. அதை அவரே எல்லோருக்கும் சொல்லுவார். போர்கோ வெக்கியோவில் இருந்த மெக்கானிக்கிடம்தான் எல்லாம் போகும். அந்தச் சிசிலியர் அவரைக் காணும்போதெல்லாம் ஏசுவார். இரும்பு வியாபாரம் செய்கிறவன் கடற்கரையில் வளவு எடுப்பானா, உப்புக்காற்று தகட்டைத் தின்னாதா என்று. கைவிடப்பட்ட ஒரு படகுக் கொட்டகைதான் அவருடைய வளவு. வாசலில் நின்றால் அலை தெரியும். "கடல் தாண்டி வந்ததுகள், கடலைக் காணாட்டி ஏங்கிப்போகும்," என்று பதில் சொல்லுவார். நான் அதை இத்தாலியனில் சொல்ல, மெக்கானிக் தலையில் கைவைத்துக்கொள்வார்.

மொண்டெல்லோவிலிருந்து ஒரு பல் வைத்தியர் வந்தார். மனைவியையும் கூட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குரிய உடுப்போடு வந்தார். வளைவில் ஜீப் நின்றதும் சாவியைத் திருகு திருகென்று திருகினார், ஸ்டியரிங்கில் அறைந்தார், இறங்கிப் போய்ச் சில்லை உதைத்தார். பின்னால் இருந்த மனைவி மெதுவாக ஏதோ சொல்ல, அந்த அம்மா மேல் பாய்ந்தார். அண்ணை குனிந்து திருகியைத் திறந்துவிட்டார். வளவுக்குத் திரும்பியதும் தன் உடைந்த இத்தாலியனில், "தொத்தோரே, இது உங்களுக்குச் சரிவராது" என்றார். அவ்வளவுதான். என்ன விலை சொன்னாலும் அதற்குமேல் பேச்சில்லை.

சில மாதம் கழித்து அதே வைத்தியர் மறுபடியும் வந்தார். அதற்குள் யாரோ அவருக்குத் திருகியின் கதையைச் சொல்லியிருந்தார்கள். இந்த முறை சிரித்த முகத்தோடு ஓட்டிப்போனார். ஜீப் நின்றது. சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, இப்போது திறவுங்கள்," என்றார். அண்ணை கடலைப் பார்த்தார். வைத்தியர் இன்னும் கொஞ்சம் சத்தமாக ஒருமுறை கேட்டார். அதற்குப் பிறகு இறங்கிப்போய்ச் சில்லை உதைத்தார்.

"தெரிஞ்சிருந்தும் ஏலாமல் போச்சு, பாவம்," என்று அண்ணை எனக்குச் சொன்னபோது அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

மலைக்கிராமத்துத் தேவாலயப் பங்குச் சுவாமி ஒருவருக்கு வளைவிலேயே ஜீப்பின் சாவி சொந்தமாகக் கிடைத்தது. வண்டி நின்றதும் அவர் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட் எடுத்து, ஒன்றை அண்ணைக்குக் கொடுத்து, ஒன்றைத் தான் கடித்துக்கொண்டு, தன் கோவில் மணிக்கூண்டில் குடியிருக்கும் புறாக்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாராம். இருவரும் பொழுது சாயும்வரை அங்கேயே இருந்துவிட்டார்கள். பெற்றோல் திருகியைத் திறக்க அண்ணைக்கே மறந்துபோயிற்று.

விற்றபிறகு அந்தத் திருகி எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பார். கழற்றமாட்டார். கள்ளன் கொண்டுபோனாலும் மூன்று வளைவுக்குமேல் போகமாட்டான் என்பது அவர் சொன்ன நியாயம். பிறகு நாலு சில்லுக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம், எங்கள் பேச்சில் தேசிக்காய், வைப்பார். சிசிலியின் தேசிக்காய்கள் எங்கள் ஊர்த் தேசிக்காயைப்போல மூன்று மடங்கு. சின்ன ஜீப்புகள் அவற்றின்மேல் ஏறித் துள்ளி இறங்கும். கத்தோலிக்கருக்கு இது என்ன வழக்கம் என்று கேட்டேன். "வாங்கிறவைக்கு விருப்பம், மாதாவும் ஒண்டும் சொல்லமாட்டா," என்றார்.

அவருடைய மனைவிக்கு இந்தச் சோதனை பிடிக்காது. "கபோச் சந்தையிலை கத்தரிக்காய் விக்கிறவன்கூட வாங்க வந்த சனத்தைச் சோதிக்கிறேல்லை. இந்தாள் பெரிய பரீட்சைத் திணைக்களம்," என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். சொல்லிவிட்டு அடுத்த சோதனைக்கு வழியில் சாப்பிடப் பாணும் சம்பலும் கட்டிக் கொடுப்பதும் அவர்தான்.

எனக்கு அவரோடு பழக்கம் வந்தது அலுவலகங்களில். ஒரு பழைய வாகனம் கப்பலால் இறங்கினால் உடனே வீதிக்கு வந்துவிடாது. சுங்கம், பரிசோதனை, பழைமைச் சான்று, இலக்கத்தகடு என்று ஒவ்வொரு கண்ணாடி ஜன்னலுக்கும் போகவேண்டும். அவருக்கு இத்தாலியன் மட்டுமட்டு. ஆகவே என் லீவு நாட்களில் நான் கூடப்போவேன். நான் எப்படிப்பட்டவன் என்பதை இங்கே சொல்லவேண்டும். வீட்டைவிட்டு இறங்கினபிறகு அடுப்பை அணைத்தேனா என்று திரும்பிப் படியேறுகிறவன். மகள் படிக்கிற நகரத்தில் மழையா என்று காலையில் முதல் வேலையாகப் பார்க்கிறவன். வரிசை நகராவிட்டால் முன்னால் போய் ஜன்னலை எட்டிப்பார்க்கிறவன். அலுவலர் கணினி வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொன்னால் என் குரல் தானாக உயரும்.

அண்ணை தன் வீட்டு விறாந்தையில் நிற்பவர்போல நிற்பார். பக்கத்தில் நிற்கிற கிழவியிடம் முழங்கால் வலி பற்றி விசாரிப்பார். கணினி திருந்தும்வரை இருப்போம் என்று அலுவலருக்குச் சொல்லச் சொல்லுவார். ஒருநாள் அப்படி இருந்ததில் கணினி உண்மையாகவே திருந்திவிட்டது. அலுவலர் எங்களைத் தேடி வெளியே வந்து கூப்பிட்டார்.

"யப்பான் துறைமுகத்திலை நிண்டது, கப்பலுக்கை நிண்டது, இஞ்சை சுங்கத்திலை நிண்டது," என்று அண்ணை வாகனங்களைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லுவார். "ஓடினதைவிட நிண்டதுதான் கூட. அதோடை கோவிக்கிறவனிட்டை நான் என்னெண்டு குடுக்கிறது?"

என் மகள் அபி மெசினாவில் மிருக வைத்தியம் படித்தாள். கடைசி வருடங்களில் நெப்ரொடி மலைகளில் உள்ள ஆட்டுப் பண்ணைகளுக்குப் பயிற்சிக்குப் போகவேண்டும். பஸ் போகாத இடங்கள். கூடப் படித்தவர்களின் சின்னக் கார்கள் சேற்றில் புதைந்தன. அவள் நேராக அண்ணையின் வளவுக்குப் போய், மூலையில் நின்ற ஒரு நீல ஜப்பான் ஜீப்பைப் பார்த்துவிட்டு வந்து, அதுதான் வேண்டும் என்றாள். வீட்டில் வேறு பேச்சு இல்லை. நான் வாகனம் ஓட்டப் பழகாதவன். மகள் அந்த மலைகளில் தனியாகப் போவதை நினைத்தாலே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவளுக்குத் தெரியாமல் அண்ணையிடம் போனேன். வளவில் கதிரை போட்டு, சட்டியில் மட்டி உடைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு விற்கவேண்டாம், வண்டி வேறு ஆளுக்குப் பேசியாயிற்று என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். அவர் ஒரு மட்டியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"அவள் நிக்கிறதைப் பாத்திட்டுச் சொல்லுறன்," என்றார்.

நான் அவள் தோற்பாள் என்று நம்பினேன். பொறுமை என் பக்கத்தில் இல்லை, மனைவி பக்கத்திலும் பெரிதாக இல்லை. சோதனை நாளில் நானும் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டேன். அவளுக்குத் திருகியின் கதை தெரியாது. நான் சொல்லவும் இல்லை. மூன்றாவது வளைவில் ஜீப் நின்றது. அபி இரண்டு தரம் சாவியைத் திருப்பினாள். கைப்பிரேக்கை இழுத்தாள். இறங்கி, ஒரு கல்லை எடுத்துப் பின்சில்லுக்குக் கீழே வைத்தாள். இயந்திரத்தின் முன்மூடியைத் திறந்து எட்டிப்பார்த்தாள், அதில் அவளுக்கு என்ன தெரிந்ததோ. பிறகு வந்து அண்ணையின் பக்கத்துக் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"அல்லோரா, சரி மாமா," என்றாள். "சாப்பிட என்ன இருக்கு?"

அண்ணை பொட்டலத்தைப் பிரித்தார். பின்னிருக்கையில் இருந்த என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ இருந்தது. சாவி அவள் கையில்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தேசிக்காய்மேல் ஏறி அவள் வளவைவிட்டு வெளியே போகும்போது அண்ணை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஒன்று மட்டும் சொன்னார். "பிள்ளை, எங்கை நிண்டாலும் வாகனத்தை விட்டிட்டு நடக்கக்கூடாது. விளங்குதோ? அதுக்குப் பக்கத்திலை இரு."

வழக்கமாக அவர் புத்தி சொல்கிற ஆள் இல்லை. அதனால் அந்த வார்த்தைகள் எனக்கு நினைவில் நின்றன.

போன மாரியில் மழை விடாமல் பெய்த ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அபி தொலைபேசியை எடுக்கவில்லை. அவள் அறைத்தோழி, விடியமுதலே ஒரு பண்ணையில் ஆட்டுக்குப் பிரசவம் என்று போனாள் என்றாள். தொலைக்காட்சியில் அந்த மலைப்பக்கம் மண் சரிந்து வீதி அடைபட்டதைக் காட்டினார்கள். காட்டிய வீதி அவள் போகிற வீதி. தீயணைப்புப் படைக்கு அடித்தேன். ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், வீட்டில் இருங்கள் என்றார்கள். மனைவி சாமிப்படத்துக்கு முன்னால் இருந்து எழும்பவே இல்லை. எனக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அண்ணைக்கு அடித்தேன். என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

"வாசலுக்கு வாங்கோ," என்றார்.

தன் பச்சை ஜீப்பில் வந்தார். ஒருவருக்கும் விற்காமல் வைத்திருந்த நீளமான பழைய வண்டி. மெசினா நெடுஞ்சாலையில் ஏறுமிடத்தில் சீட்டு எடுக்கிற இயந்திரம் இடப்பக்கம். வலப்பக்கத்து ஸ்டியரிங்கில் இருப்பவருக்கு எட்டாது. நான்தான் கை நீட்டி எடுக்கவேண்டும். அவசரத்தில் இழுத்ததில் சீட்டு மழைக்குள் விழுந்தது. பின்னால் ஹார்ன்கள் கத்தின. அண்ணை கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, சுற்றிவந்து, நனைந்த சீட்டைப் பொறுக்கிச் சட்டையில் துடைத்து என் கையில் தந்தார். கவனமாக வைத்திருக்கும்படி சொன்னார், ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. வழி முழுக்க அவர் வேறொன்றும் கதைக்கவில்லை. ஒன்றும் நடக்காது, பயப்படாதீர்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய கோபமாக இருந்தது.

கடலோரம் விட்டு மலையேறத் தொடங்கினபின், நீரோடிய ஒரு பள்ளத்தைக் கடந்ததும், பச்சை ஜீப் இருமிவிட்டு நின்றது.

நான் அவரைப் பார்த்தேன். பிறகு என் இருக்கைக்குக் கீழே பார்த்தேன்.

"இப்பவுமோ அண்ணை?" என்றேன். "என்ரை பிள்ளை அங்கை கிடக்கிறாள், இப்பவும் சோதிக்கிறியளோ?"

"இல்லை மாஸ்ரர். உள்ளுக்குத் தண்ணி போயிட்டுது."

நான் நம்பவில்லை. குனிந்து தடவிப் பார்த்தேன். திருகி திறந்துதான் கிடந்தது. அப்போதும் என் கோபம் அடங்கவில்லை. இறங்கி முன்சில்லை உதைத்தேன். பலமாக உதைத்தேன், விரல் இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. அவர் முன்மூடியைத் திறந்து, மெக்கானிக் செய்யக் கண்டபடி, சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் ஏதோ ஒரு கறுப்பு மூடியைத் துடைத்துவிட்டு, காயட்டும், ஆறுதலாக இருங்கோ என்றார். அதோடு, வழக்கமான குரலில், "உங்களுக்கு நான் விக்கமாட்டன்," என்றார்.

எனக்குக் காத்திருக்க முடியவில்லை. மேலே வீதி மஞ்சுக்குள் போய் மறைந்தது. நான் நடக்கிறேன், பின்னால் வாருங்கள் என்று சொல்லித் திரும்பினேன். இரண்டடி போயிருக்கமாட்டேன், அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் குள்ளமான மனுசனுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. உதறினேன். விடவில்லை. இன்னொருதரம் உதறினேன். இரண்டு கையாலும் பிடித்தார். அவர் முகம் வேறு யாருடைய முகம்போலவோ மாறியிருந்தது.

"நடக்கக்கூடாது," என்றார். "மாஸ்ரர், நடக்கக்கூடாது."

என்னை இழுத்துக்கொண்டுபோய் இருக்கையில் இருத்திக் கதவைச் சாத்தினார். தானும் ஏறி, என் கையை விடாமல் அப்படியே இருந்தார். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு சாவியைத் திருப்பினார், ஜீப் பற்றிக்கொண்டது.

வீதி அறுந்த இடத்துக்கு முன்னால் நிறுத்தினார். எங்களுக்கு முன்னால் தார் இல்லை, மஞ்சும் சேறும்தான். அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அண்ணை ஹார்னை அழுத்தினார். நீளமாக ஒருதரம். கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகும் ஒருதரம்.

மஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய, கீச்சென்ற ஒரு ஹார்ன் பதில் சொன்னது.

"அது நீலன்," என்றார் அண்ணை. அவள் வண்டிக்கு அவர் வைத்த பெயர். சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

மஞ்சு கொஞ்சம் விலகியபோது அவளைக் கண்டேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மலைச்சரிவிலிருந்து தள்ளி, ஒரு வெளியான இடத்தில் நீல ஜீப் நின்றது. அவள் அதன் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் அசைத்தாள். சத்தம் வந்து சேரவில்லை. குறுக்கே போக வழி இல்லை. தீயணைப்புப் படையினர் வந்து, மேல்வழியால் சுற்றிப்போய்க் கொண்டுவருகிறோம், நீங்கள் இந்தப் பக்கம் நில்லுங்கள் என்றார்கள்.

என் பிள்ளை கண்ணுக்குத் தெரிந்தாள். நான் நிற்கவேண்டியிருந்தது.

அண்ணை பொட்டலத்தைப் பிரித்துப் பாணும் சம்பலும் நீட்டினார். நான் வாங்கினேன். அவளைப் பார்த்துக்கொண்டே கடித்தேன், சம்பலில் உப்புக் கூட என்றுகூட எனக்குத் தெரிந்தது. அவளும் அங்கே ஏதோ எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாள். மஞ்சு வருவதும் போவதுமாக இருந்தது. மறையும்போதெல்லாம் அண்ணை ஹார்னைத் தொடுவார், நீலன் கீச்சிடும். நான் இரண்டாவது துண்டையும் கேட்டு வாங்கியபோது அவர் என்னைப் பார்த்தார்.

"இப்ப உங்களுக்கு விக்கலாம்," என்றார்.

தீயணைப்புப் படையினர் அவளை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தபின்தான் அபி நடந்ததைச் சொன்னாள். காலையில் வீதியில் பெரிய கல் ஒன்று விழுந்து கிடந்ததைக் கண்டு, பின்னுக்கு எடுத்து வெளியான இடத்தில் நிறுத்தியிருக்கிறாள். கைபேசிக்கு அலை இல்லை. கீழே வீடுகள் தெரிந்திருக்கின்றன, நடந்தால் கிட்டத்தான். இறங்கிக் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்ப ஏறி இருந்திருக்கிறாள். அவள் நடந்துபோயிருக்கக்கூடிய அந்த வீதித்துண்டுதான் பிறகு அவள் கண்முன்னால் மலையோடு கீழே போனது. "மாமா சொன்னவர்தானே, அப்பா," என்றாள். பின்னிருக்கையில் என் மேற்சட்டையைப் போர்த்திக்கொண்டு படுத்ததும் நித்திரையாகிவிட்டாள்.

அவள் நித்திரையானபின் அண்ணை கதைத்தார். தான் இந்த நாட்டுக்கு வந்த வழியில், எந்த நாட்டு எல்லை என்று தெரியாத ஒரு பனிமலையில், களவாக ஆட்களைக் கொண்டுபோகிற ஏஜென்சியின் லொறி நின்றுவிட்டதாம். பின்னால் அவரைப்போலப் பலர். சாரதி, இருங்கள், ஆள் வரும் என்றிருக்கிறான். எங்களூர்க்காரர் ஒருவருக்கு இருக்க முடியவில்லை. ஊரில் பெண்சாதி பிள்ளைத்தாய்ச்சி. நான் நடந்துபோய் ஆளைக் கூட்டிவாறன் என்று இறங்கினாராம். நல்ல மனுசன், பாட்டுக்காரன், வழி முழுக்க எல்லாரையும் சிரிக்கவைத்தவர். கொஞ்ச நேரத்தில் சாரதி சொன்னபடி வேறு வாகனம் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். அவரைத் தேடிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

"அவர் வரேல்லை," என்றார் அண்ணை. "கூப்பிட்ட சத்தம் மட்டும் எனக்கு இப்பவும் கேக்கும்."

காலை முழுக்க இதை மனதில் வைத்துக்கொண்டுதான் என்னோடு கதைக்காமல் வந்திருக்கிறார். அதை அப்போது சொல்லியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன். நான் அவர் கையைத் தேடிப் பிடித்தேன். கியர் மாற்றவேண்டி வந்தபோதுதான் விட்டேன்.

சுங்கச்சாவடியில் இறங்குமிடத்தில், திரும்பும்போது எடுத்த புதுச் சீட்டை நான் விழவிடாமல் ஒழுங்காக எடுத்து நீட்டினேன். "பாத்தியளோ," என்றார் அண்ணை, மிகவும் திருப்தியோடு.

அவர் இந்தக் கோடைக்கு முன் போய்விட்டார். வளவு வாசலில், கதிரையில், மட்டிச் சட்டி பக்கத்தில் இருக்க, கடலைப் பார்த்தபடி. மெக்கானிக்தான் முதலில் கண்டவர். வழக்கம்போல உப்புக்காற்றைப் பற்றி ஏசிக்கொண்டே கிட்டப்போனாராம். எனக்கு இன்னும் அந்த மாரி நாளின் நடுக்கம் போகவில்லை, அதற்குள் இது. மகளின் தொலைபேசி எடுபடாவிட்டால் கூப்பிட ஒரு ஆள் இருந்தார். இப்போது இல்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு, அவரிடம் வாங்கியவர்கள் சிசிலி முழுக்க இருந்து வந்தார்கள். கோவிலுக்கு வெளியே பழைய ஜீப்புகள் வரிசையாக நின்றன. பங்குச் சுவாமி தன் வண்டியில் வந்து, பூசையிலும் கூட நின்றார். மெக்கானிக் கறுப்புச் சட்டை போட்டு வந்திருந்தார். எல்லாருக்கும் பின்னால், பளபளக்கும் ஒரு புதிய காரில், மனைவியோடு பல் வைத்தியரும் வந்திருந்தார். ஏன் வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பூசை முடிய, அண்ணையின் மனைவி மலைப்பாதையில் ஒருக்கால் போய்வருவோம் என்றார். எல்லோரும் ஏறினோம். தன் வண்டியில் வரும்படி அண்ணையின் மனைவியைச் சுவாமி கூப்பிட்டும், அவர் அபியின் நீல ஜீப்பின் பின்னிருக்கையில் ஏறி, மடியில் ஒரு பெரிய பொட்டலத்தோடு இருந்துகொண்டார்.

நீலன்தான் முன்னுக்குப் போனது. நான் அபிக்கு இடப்பக்கம் இருந்தேன். அண்ணை இருக்கிற இடம். வழக்கமாக அந்த இருக்கையில் ஏறினதும் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவா, மெதுவா என்று சொல்லத் தொடங்கிவிடுவேன். அன்றைக்குச் சொல்லவில்லை. மலையடிவாரம் வந்தது. சப்பாத்து நூல் கழன்றதுபோலக் குனிந்தேன். பித்தளை குளிர்ந்து கிடந்தது. திருகினேன்.

முதல் வளைவு. இரண்டாவது. அபி ஏதோ சொல்லிக்கொண்டே ஓட்டினாள். மூன்றாவதில் நீலன் ஒருமுறை இருமி நின்றது.

அபி சாவியைத் தொடவில்லை. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். அவள் சிரிக்கத் தொடங்கி, இடையில் அது அழுகையாகி, பிறகு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

பின்னால் ஒற்றை வழிப் பாதை. ஒருவரும் எங்களைத் தாண்டிப் போக முடியாது. ஒவ்வொரு இயந்திரமாக அணைந்துகொண்டு போவது கேட்டது. பலெர்மோவில் இத்தனை வாகனம் நின்று ஒரு ஹார்ன்கூடக் கத்தாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். சுவாமி இறங்கிக் கல்லில் இருந்தார். பின்னிருக்கையில் அலுமினியத் தாள் பிரிகிற சத்தம் கேட்டது.

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். வரிசையின் கடைசியில் அந்தப் புதிய காரின் கதவு திறந்தது. வைத்தியர் இறங்கினார். தன் முன்சில்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுற்றிப்போய் மனைவிக்குக் கதவைத் திறந்துவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பாண் கொடுக்கிற இடத்துக்கு மெதுவாக மேலேறி வந்தார்.